கட்டை இன்னும் காயவில்லை

ஜனவரி 20

அன்புள்ள காதுக்காரருக்கு,

நானும் பிள்ளையும் நன்றாக இருக்கிறோம். உங்கள் இருமல் எப்படி இருக்கிறது? அது குளிர் ஊர் என்று சொன்னார்கள். மப்ளரைப் பெட்டியின் அடியில் வைத்திருக்கிறேன். அடியில் இருப்பதை நீங்கள் ஒருநாளும் தேடமாட்டீர்கள் என்பதால் இதை எழுதவேண்டியிருக்கிறது.

அங்கே போனுக்கு டவரே கிடைக்காது என்று முதலாளி சொன்னார். மர லாரி ஓட்டும் தம்பிதான், "கவலைப்படாதீங்க அண்ணி, இனிமே நான்தான் உங்க தபால் ஆபீஸ்" என்றார். கல்லூரி முடித்த பிறகு இப்போதுதான் பக்கம் பக்கமாக எழுதுகிறேன். உங்கள் தலையெழுத்து, படித்துத்தான் ஆகவேண்டும்.

மட்டைக்கென்று பட்டறையில் இருக்கிற வில்லோ மரக்கட்டை மார்ச் வரைக்கும்தான் தாங்குமாம். மேஸ்திரி கவலைப்படவில்லை. "காதுக்காரன் போயிருக்கான்ல? தட்டுனா சிரிக்கிற கட்டையாப் பாத்து அனுப்புவான்" என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

உங்கள் மகன் எனக்கு நல்ல பெயர் வாங்கிக் கொடுக்கிறான். சுவருக்கு அந்தப் பக்கம் பட்டறையில் மூன்று பேர் காலையிலிருந்து சாயங்காலம் வரை கனத்த மரக் கொட்டாப்புளியால் புதுக் கிரிக்கெட் மட்டைகளைத் தட்டிப் பதப்படுத்துகிறார்கள். இந்தப் பக்கம் முகம் பார்க்கும் கண்ணாடி நடுங்குகிறது. வரிசையில் மற்ற வீட்டுக் குழந்தைகள் வீறிட்டு அழுகின்றன. நம் பையன் மட்டும் இரண்டு கையையும் விரித்துப் போட்டுத் தூங்குகிறான். மேஸ்திரி வீட்டு அக்கா மோவாயில் கை வைத்து, "பட்டறைப் புள்ளம்மா! வயித்துக்குள்ளயே தட்டல் கேட்டுப் பழகிட்டான். காதுக்காரன் மகன்னா சும்மாவா?" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. நோட்டில் நேரம் போட்டு எழுதியிருக்கிறேன்: 'பத்து மணி. தட்டல். அசையவில்லை.' "பெத்தது புள்ளையா, பிராக்டிகல் ரெக்கார்டா?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது.

மூன்று மாதம் என்று சொல்லிப் போனீர்கள். வரும் தேதியை எழுதுங்கள்.

உங்கள்
பட்டதாரி


பிப்ரவரி 11

அன்புள்ள பட்டதாரிக்கு,

நலம். இருமல் நலம், முழங்கால் நலம், மப்ளர் எல்லாரையும்விட நலம். இன்னும் பெட்டியின் அடியிலேயே சுகமாகப் படுத்திருக்கிறது. நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

ஆற்றோரம் முழுக்க வில்லோ என்று முதலாளி சொன்னார். வந்து பார்த்தால் ஆற்றோரம் முழுக்க வெட்டிப்போட்ட அடிக்கட்டைதான். ஒட்டுப்பலகைக் கம்பெனிக்காரர்கள் நமக்கு முன்னாலேயே வந்து போய்விட்டார்கள். மட்டைக்கு ஆகவேண்டுமென்றால் மரம் பதினைந்து வருஷமாவது நிற்க வேண்டும். இவர்கள் எட்டு வருஷத்திலேயே விற்றுவிடுகிறார்கள். கேட்டால் ஒரு தோட்டக்காரர், "மட்டைக்காரங்க வருவாங்க வருவாங்கன்னு எவ்ளோ காலம் வாசலப் பாத்துட்டு உக்காந்திருக்கிறது?" என்கிறார்.

கடைசியில் ஒரு கொட்டகையில் அதிர்ஷ்டம் அடித்தது. போன வருஷம் அறுத்து, முனைக்கு மெழுகு பூசி அடுக்கிவைத்த கட்டைகள், ஏறக்குறைய அறுநூறு. கொஞ்சம் காய்ந்திருக்கிறது, மீதி ஈரம். ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்கிறேன். என் வழக்கம் உனக்குத் தெரியும். மணி மாதிரி பேசினால் முனையில் தேதி போட்டு ஒரு வட்டம். மந்தமாகக் கேட்டால் தேதியும் பெருக்கல் குறியும். கொட்டகைக்காரர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "நீங்க தட்டுற தட்டுல கட்டை காயுதோ இல்லியோ, எனக்குத் தலை காஞ்சிடும்" என்றார்.

அவசரப்பட முடியாது. நாலு வருஷத்துக்கு முன்னால் பச்சைக் கட்டையில் மட்டை செய்து, அத்தனையும் வெடித்துத் திரும்பி வந்ததை முதலாளி இன்னும் மறக்கவில்லை. நான் வட்டம் போடாத கட்டையை லாரியில் ஏற்றக்கூடாது என்று சொல்லித்தான் அனுப்பினார். முதல் லோடு மாதக் கடைசியில் வரும்.

நீ எழுதியதைப் படித்தேன். பிள்ளைக்கு முத்தம்.

காதுக்காரன்


மார்ச் 6

அன்புள்ள காதுக்காரருக்கு,

இருவரும் சுகம். நீங்களும் அப்படியே இருக்க வேண்டும்.

லோடு வந்தது. நூற்றைம்பது கட்டை. எல்லா முனையிலும் உங்கள் வட்டம். டிரைவர் தம்பி இறங்கும்போதே, "அண்ணன் கையெழுத்தப் பாத்துக்குங்க அண்ணி, கடுதாசி தனியா வேணுமா?" என்று கிண்டல் செய்தார். தெருவே வேடிக்கை பார்க்க வந்திருந்தது. இது மே வரை தாங்கும் என்று மேஸ்திரி சொன்னார்.

ஒன்று நடந்தது. எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். இறக்கும்போது லாரியின் கதவுக் கொக்கி விட்டுப்போய், மேல் அடுக்கு முழுவதும் தரையில் கொட்டியது. இடி விழுந்த மாதிரி சத்தம். முதலாளி கையிலிருந்த டீயைச் சட்டையில் ஊற்றிக்கொண்டார். நான் கத்தியேவிட்டேன். பையன் என் இடுப்பில் இருந்தான். அவன் என் வளையலைத் திருகிக்கொண்டிருந்தான். திருகிக்கொண்டேயிருந்தான். நான் கத்தியபோது என் வாயைப் பார்த்துச் சிரித்தான்.

எல்லாரும் சிரித்தார்கள். "கல்லு மாதிரி இருக்கான் பாரு சிங்கம்!" நானும் சிரித்தேன். வீட்டுக்குள் வந்து நோட்டைத் திறந்தேன், எழுதாமல் மூடிவிட்டேன்.

நான் பயந்தாங்கொள்ளி. தும்மினால் தெர்மாமீட்டர் தேடுகிறவள். அதனால்தான் கேட்கிறேன், காதைப் பற்றி உங்களைவிட்டால் யாரைக் கேட்பேன்? நீங்கள் இருந்த மூன்று மாதத்தில் அவனிடம் ஏதாவது கவனித்தீர்களா? "ஒண்ணுமில்லடி, லூசு" என்று ஒரு வரி எழுதினால் போதும். அடுத்த லாரியில் எழுதுங்கள். வரும் தேதியையும்.

உங்கள்
பட்டதாரி


ஏப்ரல் 17

அன்புள்ள பட்டதாரிக்கு,

நலம். இரண்டு தடவை தம்பி வந்தும் நான் எழுதவில்லை என்று கோபமாக இருப்பாய். வேலை அதிகம்.

இங்கே பருவம் தப்பி மழை. கொட்டகைக் கூரையில் ஒரு பக்கம் ஒழுகியது. கட்டைகளை எல்லாம் இறக்கி, நடுவில் குச்சி வைத்துக் காற்றோட்டமாக மறுபடி அடுக்கினோம். வில்லோவை வெயிலில் போட்டால் வெடிக்கும், மூடிவைத்தால் பூஞ்சை பிடிக்கும். நிழலும் காற்றும்தான் வேண்டும். மீதி நானூற்றைம்பதும் இன்னும் காயவில்லை. இரண்டு மாதமாவது ஆகும் என்று நினைக்கிறேன். முதலாளியிடமும் அப்படியே சொல்லியனுப்பியிருக்கிறேன்.

மெழுகு தீர்ந்துவிட்டது. தம்பியிடம் இரண்டு டின் கொடுத்தனுப்பச் சொல்.

பிள்ளைகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி. நீ உடம்பைப் பார்த்துக்கொள்.

காதுக்காரன்


ஏப்ரல் 30

அன்புள்ள உங்களுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை, இருவருக்கும். உங்களுக்கு எப்படி என்று எழுதுங்கள்.

நேற்று நானே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனேன். நான்கு பக்கமும் பஞ்சு வைத்துத் தைத்த ஒரு சின்ன அறை. என் மடியில் அவன். பின்னாலிருந்து ஒரு பெண் மணி அடித்தாள், பிறகு டப்பா, பிறகு பெரிய மத்தளம் மாதிரி ஒன்று. என் தோள் தூக்கித் தூக்கிப் போட்டது. அவன் விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் தூங்கவைத்து, தலையில் ஒயர் ஒட்டி, கம்ப்யூட்டரில் பார்த்தார்கள்.

இரண்டு காதிலும் கேட்கவில்லை. பிறந்ததிலிருந்தே. அந்த டாக்டரம்மா ரொம்பத் தன்மையாகத்தான் சொன்னார். "நேரம் இன்னும் போயிடலம்மா. ஒரு வயசுக்குள்ள மெஷின் வச்சுப் பழக்கினா, கொஞ்சம் கொஞ்சமாப் பேச்சு வரும். ஆனா வீட்ல ரெண்டு பேரும் பயிற்சிக்கு வரணும். அம்மா குரல் வேற, அப்பா குரல் வேற. ரெண்டும் கேட்டுப் பழகணும்." ஜூன் இருபதாம் தேதி மெஷின் மாட்டுகிறார்கள்.

வந்து நோட்டைப் புரட்டினேன். 'தட்டல். அசையவில்லை.' 'தட்டல். அசையவில்லை.' பக்கம் பக்கமாக. என் கையாலேயே எழுதி, அடியில் கோடு வேறு போட்டிருக்கிறேன். வேறு எந்தத் தெருவில் பிறந்திருந்தாலும் இரண்டாம் மாதமே கண்டுபிடித்திருப்பார்கள். பட்டறைத் தெருவில் பிறந்ததால் பெருமைப்பட்டோம்.

உங்களுக்கு இதை எப்படி எழுதுவது என்று நான்கு தாள் கிழித்தேன். காதுக்காரர் என்று கூப்பிட இன்று வாய் வரவில்லை, கோபிக்காதீர்கள். கட்டை கிடக்கட்டும். ஜூன் இருபதுக்குள் வாருங்கள்.

உங்கள்
மனைவி


மே 28

அன்புள்ள பட்டதாரிக்கு,

நலம்.

கடிதம் கிடைத்தது. டாக்டர்கள் முதலில் அப்படித்தான் சொல்வார்கள். பார்க்கலாம். நீ தைரியமாக இரு.

கட்டைகளை மறுபடி தட்டிப் பார்த்தேன். இன்னும் காயவில்லை. நடு அடுக்கில் ஈரம் நிற்கிறது. விட்டுவிட்டு வந்தால் கொட்டகைக்காரர் வேறு யாருக்காவது தள்ளிவிடுவார். இந்தக் கட்டையை நம்பித்தான் தெருவே இருக்கிறது, உனக்குத் தெரியாததா? ஜூன் கடைசியில் வரப்பார்க்கிறேன்.

மெழுகு வந்து சேர்ந்தது.

காதுக்காரன்


ஜூன் 24

அன்புள்ள உங்களுக்கு,

நாங்கள் இருக்கிறோம். நீங்களும் நலமாக இருங்கள்.

இருபதாம் தேதி நான் மட்டும் போனேன். "அப்பா வரலியா?" என்று பயிற்சி கொடுக்கும் அம்மா கேட்டார். மரம் வாங்கப் போயிருக்கிறார் என்றேன். வேறு பிள்ளைகளின் அப்பாக்கள் எல்லாம் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, வெட்கப்பட்டுக்கொண்டே "ஆ... ஊ..." என்று கத்திக்கொண்டிருந்தார்கள். ஒருவர் போலீஸ்காரர் போலிருக்கிறது, யூனிஃபார்மோடு காக்கா மாதிரி கரைந்தார்.

இரண்டு காதிலும் அவரைக்கொட்டை அளவு மெஷின். போட்டு முடுக்கியதும் நான் அவன் பெயரைச் சொன்னேன். கண்ணை விரித்தான். பிறகு வீறிட்டு அழுதான். "பயந்துட்டான், அவ்ளோதான். அவனுக்கு இப்பதான் உலகம் ஆரம்பிக்குது" என்றார் அந்த அம்மா. நான் கழிப்பறைக்குள் போய் அழுதுவிட்டு வந்தேன்.

ஒன்று எழுத வேண்டும். பத்தாம் தேதியோடு பட்டறையை மூடிவிட்டார்கள். கட்டை இல்லை. தட்டுகிற மூவரும் வேறு ஊருக்கு வேலை தேடிப் போய்விட்டார்கள். மேஸ்திரி மட்டும் சாவியை வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருக்கிறார். "காதுக்காரன் காயலன்னா காயலதான்" என்று இன்னமும் உங்களுக்காகப் பேசுகிறார்.

மெஷினோடு வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அவனைச் சுவரோரம் உட்காரவைத்தேன். அவன் பிறந்த நாளிலிருந்து அடித்துக்கொண்டிருந்த சத்தத்தை ஒரு தடவை கேட்கட்டும் என்று. அந்தப் பக்கம் ஒன்றுமே இல்லை. நாங்கள் இருவரும் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

வாருங்கள். தேதி எழுதக்கூட வேண்டாம். லாரியில் ஏறி உட்காருங்கள், போதும்.

உங்கள்
மனைவி


ஜூலை 19

அன்புள்ள உங்களுக்கு,

உங்கள் பதிலுக்குக் காத்திராமல் எழுதுகிறேன். பிள்ளை நலம்.

நேற்று லாரி காலியாக வந்தது. கடிதமும் இல்லை. டிரைவர் தம்பி என் முகத்தைப் பார்க்காமல் டயரைப் பார்த்துக்கொண்டு நின்றார். "என்ன தம்பி, அவருக்கு உடம்பு சரியில்லையா?" என்று கேட்டேன். "உடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்றார். விடாமல் கேட்டேன். கடைசியில், "என்னைய மாட்டிவிட்றாதீங்க அண்ணி. கட்டை எல்லாம் ஏப்ரல்லயே காஞ்சிடுச்சு. கொட்டகைக்காரரே சொல்றாரு. அண்ணன்தான் தெனம் தட்டிப் பாத்துட்டு, காயல காயலங்கிறாரு. அவர் சொன்னா மொதலாளி எதிர்த்துக் கேப்பாரா?" என்றார்.

அதை நான் நம்பவில்லை. பொய் சொல்கிறார் என்றுகூட நினைத்தேன்.

இன்று காலை பயிற்சி அம்மா சொன்னபடி, வீட்டில் அவனுக்குப் பழக்கமான சத்தம் ஒன்று உண்டாக்கலாம் என்று உங்கள் சின்னக் கொட்டாப்புளியைத் தேடினேன். கருவிப் பெட்டியின் அடியில் இருந்தது. பிள்ளையின் பழைய மேல்துணி ஒன்றில் சுற்றி, கூடவே ஒரு முழ நீளத்துக்கு ஒரு வில்லோ துண்டு. அடியில் இருப்பதை நீங்கள்தான் தேடமாட்டீர்கள், நான் தேடுவேன்.

துண்டு முழுக்க உங்கள் பென்சில். முதல் தேதி நவம்பர் 18. கடைசித் தேதி ஜனவரி 2, நீங்கள் கிளம்பியதற்கு முந்தைய நாள். மொத்தம் இருபத்துமூன்று தேதிகள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் பெருக்கல் குறி. ஒரு வட்டம்கூட இல்லை.

நான் அந்தத் துண்டைத் தட்டிப் பார்த்தேன். மணி மாதிரி பேசுகிறது. எனக்கே தெரிகிறது.

அப்படியானால் அந்தப் பெருக்கல் யாருக்குப் போட்டது?

இந்தக் கேள்விக்கு மட்டும் பதில் எழுதுங்கள்.


ஆகஸ்ட் 8

பட்டதாரிக்கு,

நலமா என்று கேட்கிற யோக்கியதை எனக்கு இல்லை. ஆனாலும் கேட்கிறேன்.

அவனுக்குத்தான்.

முதல் நாள் நீ குளிக்கப் போயிருந்தாய். நல்ல கட்டையின் சத்தம் கேட்டால் சிரிப்பான் என்று விளையாட்டுக்குத்தான் தட்டினேன். திரும்பவில்லை. தூக்கக் கலக்கம் என்று நினைத்தேன். மறுநாள் மறுபடி. காதுக்குப் பின்னால், தலைக்கு மேலே, தொட்டிலுக்குக் கீழே. பதினெட்டு வருஷமாக ஆயிரம் ஆயிரம் கட்டை தட்டியவன் நான். எனக்குத் தெரியாதா? ஐந்தாம் நாளே தெரிந்துவிட்டது. மீதிப் பதினெட்டு நாளும் என் காது தப்பு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு தட்டினேன்.

நீ நோட்டை எடுத்துக்கொண்டு ஓடிவருவாய். "இன்னிக்கும் அசையலங்க, பாருங்க!" என்பாய். உன் முகம் அப்படி மலர்ந்திருக்கும். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சொல்வது? மரம் வாங்கப் போக ஆள் வேண்டும் என்று முதலாளி கேட்டபோது நான்தான் முதலில் கையைத் தூக்கினேன். அவர் என்னை அனுப்பவில்லை. நானாக ஓடிவந்தேன். நான் இல்லாதபோது நீயாகவே தெரிந்துகொள்வாய், நான் வாய் திறந்து சொல்ல வேண்டியிருக்காது என்று கணக்குப் போட்டேன். இதைவிடக் கேவலமாக ஒருவன் நினைக்க முடியாது.

தம்பி சொன்னது உண்மை. தினமும் காய்ந்த கட்டையைத் தட்டிப் பெருக்கல் போட்டேன். ஒவ்வொரு பெருக்கலுக்கும் வீட்டுக்குப் போகாமல் ஒரு நாள் கிடைத்தது. பட்டறை மூடியது என்று நீ எழுதியதைப் படித்தேன். அப்போதும் கிளம்பவில்லை.

இந்த லாரியில் மீதி நானூற்றைம்பதும் வருகின்றன. பெருக்கலை எல்லாம் இழைத்து எடுத்துவிட்டு வட்டம் போட்டிருக்கிறேன். முதலாளிக்கும் எல்லாவற்றையும் எழுதிவிட்டேன்.

என் குரலை அவன் கேட்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதாக எழுதியிருந்தாய். அந்த வரியைத் தினமும் எடுத்துப் படிக்கிறேன். நீ வரச் சொன்னால் வருகிறேன். ஒரு வார்த்தை போதும்.

பெயர் போட வெட்கமாக இருக்கிறது.


செப்டம்பர் 2

அன்புள்ள உங்களுக்கு,

நாங்கள் இருவரும் நலம். உங்கள் உடம்புக்கு ஒன்றுமில்லை என்று தம்பி சொன்னார்.

கட்டை வந்து இறங்கியது. இறக்க ஆள் இல்லை. மேஸ்திரியும் தம்பியும் நானுமாக இறக்கினோம். முதலாளி வந்து பார்த்துவிட்டுப் போனார். வேறு பட்டறைக்கு விற்றுவிடப் போகிறாராம். மேஸ்திரி ஒரு கட்டையை எடுத்துத் தட்டி, காதோரம் வைத்துக் கேட்டார். "நல்ல கட்டை. ரொம்ப நல்ல கட்டை" என்று சொல்லிவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். உங்களுக்காகப் பேச அவரிடம் இனி ஒன்றுமில்லை.

வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். பயிற்சி மையத்துக்குப் பக்கத்தில் ஒரு அறை பார்த்திருக்கிறேன். மாடியில் ஒரே அறை, காற்று வருகிறது. மையத்திலேயே சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க உதவிக்கு ஆள் வேண்டுமாம். பயிற்சியைக் குறித்துவரும் புது நோட்டைக் காட்டினேன். "இப்படித் தேதி போட்டு எழுதுற அம்மாதான் எங்களுக்கு வேணும்" என்றார்கள். அந்தப் பழைய நோட்டைக் காட்டவில்லை.

முந்தாநாள் அவனைக் கூடத்தில் உட்காரவைத்து, அவன் முதுகுக்குப் பின்னால் உங்கள் துண்டை எடுத்தேன். கொட்டாப்புளியால் ஒரு தட்டு. அவன் விளையாடிக்கொண்டிருந்த மூடி கையிலிருந்து நழுவியது. இன்னொரு தட்டு. தலை மெதுவாகத் திரும்பியது. முழுவதும் திரும்பி, கட்டையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், பிறகு கதவைப் பார்த்தான். யாரோ வருகிறார்கள் என்று நினைத்துக்கொண்டான் போலிருக்கிறது.

உங்கள் வரிசையின் கடைசியில், ஜனவரி 2-க்குக் கீழே, தேதி போட்டு ஒரு வட்டம் வரைந்தேன். வட்டம் சரியாக வரவில்லை. அதைப் போட்டிருக்க வேண்டிய கை வேறு.

ஒரு வார்த்தை சொன்னால் வருவதாக எழுதியிருக்கிறீர்கள். நான்கு கடிதங்களின் முடிவிலும் அந்த வார்த்தையைத்தான் எழுதியிருந்தேன். ஐந்தாவது தடவை எழுதக் கை வரவில்லை. கோபம் இல்லை. நீங்கள் ஐந்தாம் நாளே சொல்லியிருந்தால், இருவரும் ஒரே தொட்டிலுக்கு இரண்டு பக்கம் நின்று அழுதிருக்கலாம். என்னைத் தனியாக அழவிட்டதுதான் எதைப் போட்டு இழைத்தாலும் போகவில்லை.

துண்டைத் தம்பியிடம் கொடுத்தனுப்புகிறேன். தட்டிப் பாருங்கள். காய்ந்ததா, காயவில்லையா என்று உங்கள் காதுக்குத் தெரியும்.

பதிலுக்கு அவசரம் இல்லை.

உங்கள் மகனின்
அம்மா